இன்னும் ஓராளுக்கு இடம்

ட்ரக் வந்தது நல்ல வெயில் எறித்த ஒரு சனிக்கிழமைப் பகலில்.

செல்வமலர் முன்வாசலில் மேப்பிள் இலைகளைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். கனடாவில், கர்க்லாண்டின் அந்தச் சின்னத் தெருவுக்குள் பள்ளிக்கூட பஸ்ஸை விடப் பெரிய வாகனம் எதுவும் வந்து அவள் கண்டதில்லை. முதலில் காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. பிறகு டீசல் மணம். அதற்குப் பிறகுதான் வளைவில் அது தெரிந்தது. பாசிப்பச்சை நிறம், நெஞ்சளவு உயரச் சில்லுகள், பின்பக்கம் முழுவதையும் மூடிய படங்கு. உயரத்தில் இருந்து ஓட்டி வந்தவர் அடுத்த வீட்டுக் கிறகரி.

"தங்கச்சி, எப்பிடி என்ர ஆனைக்குட்டி?"

"என்னண்ணை இது? ஆமி ட்ரக்கெல்லே!"

"கனடா ஆமின்ரை. வேலை முடிஞ்சு ஏலத்தில விட்டவங்கள்."

"இதை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வாசலில விடப்போறன்." கிறகரி குதித்து இறங்கினார். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கொன்ரெய்னர் ஓடி ஓய்ந்த மனிதர். "மன்னாரில இதின்ர சத்தம் கேட்டா நான் வேலிக்குள்ளால பூந்து பனங்காணிக்குள்ள போய்க் குப்புறப் படுப்பன். இப்ப இது என்ர வீட்டு வாசலில கிடந்து மழையில நனையட்டும். நான் மேல நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாக்கப்போறன்."

கதவடியில் நின்ற அவருடைய மனைவி இமெல்டா தலையில் கையை வைத்தாள். "வயசு போக மற்ற ஆம்பிளையள் செபமாலையை எடுப்பினம். இந்த மனுசன் ட்ரக்கை எடுக்குது."

செல்வமலர் சிரித்தபடி தன் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். மேல்மாடி ஜன்னலில் அவளுடைய கணவர் இரவிச்சந்திரன் நின்றார். அவர் ட்ரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைச்சீலையை மெதுவாக இழுத்து மூடினார்.

மன்னார்க் கத்தோலிக்கர் புது வாகனம் வாங்கினால் சுவாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்காமல் தெருவில் இறக்கமாட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிய சுவாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார், ஒரு பற்றிஸ் சாப்பிட்டார், போய்விட்டார். பதினைந்து இருபது பேர் வாசலில் கதிரை போட்டு இருந்தார்கள்.

இரவிச்சந்திரன் வர மறுத்தார். செல்வமலர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அயலட்டை. போகாட்டி என்ன நினைப்பினம்? ஒரு றோல்ஸைத் திண்டிட்டு வாங்கோவன்."

அந்த இழுப்பைப் பிறகு எத்தனை தரம் அவள் நினைத்தாள் என்று சொல்ல முடியாது.

சாப்பாடு முடிய, கிறகரிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. இமெல்டா ஆட்களைக் கூப்பிட எழுதி வைத்திருந்த பெயர்க் கடதாசியைப் பறித்துக்கொண்டு போய் ட்ரக்கின் பின்கதவடியில் நின்றார். வயிற்றை உள்ளிழுத்து, குரலைத் தடிப்பாக்கினார்.

"எல்லாரும் கேளுங்கோ! பேர் கூப்பிட்டா எழும்பி வந்து ஏறவேணும்! தெருவை ஒரு சுத்துச் சுத்திக் காட்டுவன்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு காலத்தில் வெயிலில் குந்தியிருந்து அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறினார்கள். "பொறுங்கோ சேர், கோக்கைக் குடிச்சிட்டு வாறன்" என்று ஒருவர் பகிடி விட்டார்.

"இரவிச்சந்திரன்!"

செல்வமலர் திரும்பினாள். கணவர் கையிலிருந்த கடதாசித் தட்டைப் புல்லின் மேல் வைத்தார். சப்பாத்துகளைக் கழற்றினார். அவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக அடுக்கினார். எழுந்தார்.

"ஓம்," என்றார். "நான்தான்."

யாரும் கவனிக்கவில்லை. அவர் வெறுங்காலோடு ஏறி இடதுபக்க வாங்குப் பலகையில் கடைசியில் இருந்தார். ட்ரக் தெருவை இரண்டு தரம் சுற்றி வந்து நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் முழங்கால்களில் கைகளை வைத்தபடி இருந்தார். செல்வமலர் ஏறிப்போய் இழுத்து இறக்கவேண்டியிருந்தது.

அவருடைய கை ஈரமாக இருந்தது. வியர்வையோ என்று பார்த்தாள். மண்ணும் கலந்திருந்தது.

அதற்குப் பிறகு நேரம் மாறியது. நவம்பரில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் நாலரைக்கே இருட்டு வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கியது. செல்வமலர் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவள். நாலு மணிக்கு வீட்டுக்கு வருவாள். முதுகு நோவால் வேலையை விட்ட இரவிச்சந்திரன் அந்த நேரம் ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

"லைற்றைப் போடாமல் என்ன பாக்கிறியள்?"

"ஏறீனம்."

"ஆர் ஏறீனம்?"

"பெடியள்."

அவள் எட்டிப் பார்த்தாள். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ட்ரக் நின்றது. படங்கு இழுத்துக் கட்டியபடி இருந்தது. ஒரு குருவிகூட இல்லை.

"அங்க ஒருத்தரும் இல்லையப்பா."

"நேற்று ஒன்பது. இண்டைக்குப் பதினொண்டு."

அடுத்த நாள் பன்னிரண்டு என்றார். அதற்கடுத்த நாள் அவர் கதிரையில் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் குந்தி, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு இருந்தார். செல்வமலர் கைகளைப் பிரித்து எடுத்தாள். விட்டதும் அவை மறுபடி பிடரிக்குப் போயின.

ஒட்டாவாவில் இருக்கும் மகள் கஜந்தினிக்கு அவள் போன் எடுத்தாள்.

"பிள்ளை, உந்த ட்ரக்கை எடுக்கச் சொல்லி நகரசபைக்கு எழுதலாமோ? பிரெஞ்சில எழுதவேணும்."

"எழுதத் தேவையில்லை அம்மா, வெப்சைற்றில போர்ம் இருக்கு. வீட்டு வாசலில அந்த சைஸ் வாகனம் விடேலாது, அது சட்டம். பேர் போடாமலும் அனுப்பலாம். காரணம் கேக்குது. அஞ்சு பெட்டி இருக்கு. சத்தம், எண்ணெய் ஒழுக்கு, பார்வை மறைப்பு, நீளம், மற்றவை."

"மற்றவையில என்ன எழுதலாம்?"

"என்னவும் எழுதலாம். ஏன், என்ன பிரச்சினை?"

செல்வமலர் தரையில் இருந்த மனிதரைப் பார்த்தாள்.

"நீளம் எண்டு போடு, பிள்ளை."

பத்து நாளில் ஒரு பெண் அதிகாரி அளவு நாடாவோடு வந்தாள். பொன்ஜூர் சொன்னாள், அளந்தாள், படம் எடுத்தாள், போனாள். கிறகரிக்குக் கடிதம் வந்தது. அவர் அதை ஆட்டிக்கொண்டு செல்வமலரின் கதவடிக்கே வந்துவிட்டார்.

"பாத்தியே தங்கச்சி! முன்வீட்டுக் கிழவன்ர வேலை. எந்த நேரமும் மெர்சி, மெர்சி எண்டு பல்லைக் காட்டுவான். பின்னால கத்தி."

"அவரெண்டு எப்பிடியண்ணை தெரியும்?"

"வேற ஆர்? எங்கட ஆக்கள் செய்வினமே? நீ ரெண்டு நாள் கறி தாறாய், இமெல்டா ரெண்டு நாள் தாறாள். எங்களுக்குள்ள அப்பிடி இல்லை."

செல்வமலர் நிலத்தைப் பார்த்தாள். "எடுத்துவிடுங்கோவனண்ணை. ஏன் தேவையில்லாத கரைச்சல்."

"எடுக்கிறதோ? நான் அப்பீல் போட்டிட்டன். தை மாசம்தான் விசாரணை. அதுவரைக்கும் ஒருத்தனும் தொடேலாது. கிழவனுக்கு நான் ஆரெண்டு காட்டுறன் பார்."

அந்தச் சனிக்கிழமை அவர் இரண்டாவது ட்ரக்கைக் கொண்டுவந்து முதலாவதுக்குப் பின்னால் விட்டார்.

இரண்டும் வரிசையாக நின்றன. சுற்றிவளைப்புக்கு வந்தவைபோல.

அன்றைக்குத்தான் முதல் பனி கொட்டியது. மறுநாள் மாலை வேலையால் வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே அடுத்த வாசலுக்கு நடந்தாள். என்னதான் இருக்கிறதென்று ஒருதரம் பார்த்துவிட்டால், ஒன்றும் இல்லை என்று அவருக்கு அடித்துச் சொல்லலாம்.

நாலே முக்கால். தெருவில் அரவமில்லை. கிறகரி வீட்டில் தொலைக்காட்சி நீலமாக மினுங்கியது.

முதலாவது ட்ரக்கின் பின்னால் போய்ப் படங்கின் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து மணம் வந்தது. டீசல் மணமும் படங்கு மணமும் இருக்கத்தான் செய்யும். அவற்றுக்குக் கீழே வேறொன்று இருந்தது. தேங்காயெண்ணெய். பல நாள் தோய்க்காத இடுப்புச் சாரம். ஆட்கள் நெருக்கமாக இருந்த இடத்தின் புளித்த வியர்வை.

போன் விளக்கை அடித்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

"கடவுளே," என்று மூச்சு விட்டாள். அந்த நிம்மதி ஒரு கணம் இருந்தது.

படங்கின் இடுக்குகளால் பனி உள்ளே தூவி, தரையிலும் இரண்டு பக்க வாங்குகளிலும் மாப்போல் படிந்திருந்தது. ஆனால் வாங்குகளில் முழுக்கப் படியவில்லை. இடையிடையே பலகை தெரிந்தது. ஒவ்வொன்றும் ஓராள் இருக்கும் அகலம்.

அவள் எண்ணினாள். வலப்பக்கம் எட்டு. இடப்பக்கம் ஏழு.

ஏழாவதுக்குப் பக்கத்தில், வாங்கின் கடைசியில், ஓராள் இருக்கும் அளவுக்குப் பனி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

கிட்ட இருந்த பலகையில் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

ஓடி வந்து கதவைப் பூட்டினாள். இரவிச்சந்திரன் இருட்டில் தரையில் இருந்தபடியே கேட்டார்.

"எண்ணினியே?"

அவள் கதவுப் பூட்டை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள்.

"பதினைஞ்சு. என்ன?"

"ஆரப்பா அவை?"

"என்னோட இருந்தவை." வெகு சாதாரணமாகச் சொன்னார். "அப்ப எனக்கு இருபது. விடியவே ஆமிக்காரங்கள் சுத்தி வளைச்சுப் பள்ளிக்கூட மைதானத்தில இருத்தினவங்கள். கடதாசியைப் பாத்துப் பேர் கூப்பிட்டவங்கள். இரவிச்சந்திரன் எண்டு கூப்பிட்டாங்கள். நான் எழும்பேல்லை, மலர். குனிஞ்சு மண்ணைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பேந்து?"

"ரெண்டாந்தரம் கூப்பிட, எனக்குப் பக்கத்தில இருந்த பெடியன் எழும்பினான். அவனுக்கும் அதே பேர். வேற ஊர்ப் பெடியன், மாமி வீட்டை வந்தவன். தன்னைத்தான் கூப்பிடுறாங்கள் எண்டு நினைச்சிட்டான். 'நான்தான் ஐயா' எண்டு போய் ஏறினான். ஏறினவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை."

"உங்களைத்தான் கூப்பிட்டவங்கள் எண்டு எப்பிடித் தெரியும்? அவனைத்தானோ தெரியாது."

"தகப்பன்ர பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டவங்கள். அவன் பயத்தில அதைக் கவனிக்கேல்லை. நான் கவனிச்சனான்."

முப்பத்தைந்து வருடம். இரண்டு நாடு. ஒரு பிள்ளை. இந்த ஒன்றை மட்டும் அவர் சொன்னதேயில்லை.

"அண்டைக்குக் கிறகரி அண்ணை கூப்பிட, நான் ஓம் எண்டிட்டன்," என்றார். "இனி ஒண்டும் செய்யேலாது."

"ஏன் ஏலாது? நான் செய்யிறன்!"

அவள் சப்பாத்துக்கூடப் போடாமல் செருப்போடு பனியில் ஓடிப்போய்க் கிறகரியின் கதவில் அடித்தாள்.

"அண்ணை, கிழவன் இல்லை. நான்தான் எழுதினனான்."

கிறகரியின் முகம் கறுத்தது. "நீயோ? என்ர வீட்டில திண்டிட்டு?"

"ஓமண்ணை, நான்தான். என்னைப் பேசுங்கோ, அடியுங்கோ. ட்ரக்கை மட்டும் கொண்டு போங்கோ. அவர் எனக்கு இல்லாமல் போகப்போறார்." எல்லாவற்றையும் சொன்னாள். வாங்கையும் சொன்னாள்.

"விசர்க் கதை கதைக்காதை, தங்கச்சி. மந்திரிச்ச வாகனம்."

பின்னால் நின்ற இமெல்டா மெல்லச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, அவளைப் பேசாதேங்கோ. நானும் கேக்கிறனான்."

"என்னத்தைக் கேக்கிறனி?"

"உள்ளுக்க இருமுகினம். ஒரு கிழமையா. உங்களுக்குச் சொன்னால் நக்கலடிப்பியள் எண்டு சொல்லேல்லை."

கிறகரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பகிடி விட வாயைத் திறந்தார். பிறகு வாசலில் நின்ற ட்ரக்கைப் பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "துறைமுகப் பக்கம் சிநேகிதன்ர யார்ட் இருக்கு. கொண்டுபோய் விட்டிடுறன்."

அடுத்த நாள் இரண்டாவது ட்ரக் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அன்றிரவு இரவிச்சந்திரன் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார். சொதி உப்புக் காணாது என்றார். செல்வமலர் குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். சந்தோசத்தில்தான்.

அதற்கடுத்த நாள் நாலு மணிக்கு முதலாவது ட்ரக்கின் எஞ்சின் உறுமியது.

"போகுதப்பா! வந்து பாருங்கோ!" கைகழுவிக்கொண்டிருந்தவள் கத்திக்கொண்டே முன்வாசலுக்கு ஓடினாள். ட்ரக் பனியை நெரித்துக்கொண்டு தெருவில் இறங்கியது. கிறகரி கையைக் காட்டினார். அவளும் காட்டினாள். வளைவில் திரும்பி அது மறையும்வரை நின்று பார்த்தாள். நிலத்தின் அதிர்வும் அடங்கியது. அவளுடைய மனுவுக்கு வெற்றி.

"முடிஞ்சுது. கேட்டியளே? முடிஞ்சுது."

ஜன்னலடியில் யாரும் இல்லை.

குளியலறையில் இல்லை. நிலக்கீழ் அறையில் இல்லை. முன்கதவடியில் அவருடைய சப்பாத்துகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இருந்தன.

ட்ரக்கைப் போகச்சொல்லி அழுதவள் அவள்தான்.

அது வந்த வேலை முடிந்துதானே போகிறது.

கிறகரிக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! அவர் பின்னுக்கு!"

"ரவியோ? நான் பின்கதவைப் பூட்டிப்போட்டுத்தானே எடுத்தனான். நெடுஞ்சாலையில ஏறப்போறன் தங்கச்சி."

"நிப்பாட்டுங்கோ அண்ணை!"

எஞ்சின் தணிந்தது. கதவு திறந்தது. காற்றின் இரைச்சல், பனியில் நடக்கும் சத்தம், கிறகரியின் மூச்சு. படங்கை விலக்கும் சரசரப்பு.



"அண்ணை?"

"ஒராள் இருக்கு," என்றார் கிறகரி. குரல் அவருடையதுபோல் இல்லை.

"அவர்தானே?"

"இல்லை. ஒரு பெடியன். இருபது வயசு வராது. சாரத்தோட இருக்கிறான். மேலில ஒண்டுமில்லை. தங்கச்சி, இந்தக் குளிருக்க வெறுங்கால்..."

யாரென்று அவள் கேட்கவில்லை. கிறகரிதான் கேட்டார். "ஆரடா தம்பி நீ?"

தூரத்தில், பள்ளிக்கூடத்து மரியாதையோடு ஒரு குரல் தன் பெயரைச் சொன்னது. அவளுடைய கணவரின் பெயர்.

"அழுறான் தங்கச்சி. தன்னை இறங்கச் சொல்லிட்டினமாம். இறங்கலாமோ எண்டு என்னைக் கேக்கிறான். நான் என்ன சொல்ல?"

செல்வமலர் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. இறங்கு என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் என்ன சொன்னதாகும் என்று தெரிந்தது.

"தங்கச்சி, சொல்லு!"

"அவர்... எங்கட அவர் எங்கயாம்?"

கிறகரி கேட்டார். காற்று இரைந்தது.

"தனக்குப் பக்கத்தில இருக்கிறாராம்." கிறகரி அழத் தொடங்கியிருந்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. வெறும் வாங்கு. எழும்புறான் தங்கச்சி. ஒண்டுமில்லாத இடத்தில, ஒராளின்ர தோளைப் பிடிக்கிற மாதிரிக் கையை ஊண்டி எழும்புறான். ஐயோ, இறங்கீற்றான். ஓடுறான். பனிக்குள்ள ஓடுறான்."

பொலிஸ் வந்து தேடியது. ட்ரக்கில் யாரும் இல்லை என்றார்கள். வெறுங்காலோடு போகும் இளைஞன் எவனையும் காணவில்லை என்றார்கள். இரவிச்சந்திரனின் பெயரைக் காணாமற்போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். நகரசபையிலிருந்து கடிதம் வந்தது, மனு தீர்க்கப்பட்டுக் கோவை மூடப்பட்டதாக.

ட்ரக் இப்போது துறைமுகப் பக்கத்து யார்ட்டில், கம்பி வேலிக்குள் நிற்கிறது. கிறகரி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்வமலர் மட்டும் வேலை முடிய பஸ் எடுத்து, மெற்றோ எடுத்து, மறுபடி பஸ் எடுத்துப் போவாள். வேலியோடு நின்று சொல்லுவாள்.

"இஞ்சேருங்கோ, நான் மலர் வந்திருக்கிறன். இறங்குங்கோ. காணும். இறங்குங்கோ."

பன்னிரண்டு நாள் பதில் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. படங்குக்குள் யாரோ செருமினார்கள்.

"நீ சொல்லி இறங்கேலாது, மலர்." களைத்த குரல். வீட்டுக் குரல். "குளிருக்க நிக்காதை. வீட்டை போ."